ரஸ்டும் நிரம்பி வழியும் டார்கெட் கோப்புறையும்

சேமிப்பிடம் குறைவான தம் மடிக்கணினியில் ரஸ்ட் நிரல்மொழியை நிறுவலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சில ஆண்டுகளாக அதில் நிரல் எழுதி வருபவன் என்ற முறையில், எல்லோரும் புகழும் வேகத்தையும் நினைவகப் பாதுகாப்பையும் விட்டுவிட்டு, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போது உருவாகும் கோப்புகள் சேரும் டார்கெட் கோப்புறையைப் பற்றியே அவருக்குப் பதில் எழுதினேன்.

ரஸ்டப் என்ற நிறுவு கருவியைக் கொண்டு கம்பைலரை, அதாவது நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை, நிறுவுவதும், திட்டங்களை நிர்வகிக்கும் கருவியான கார்கோவில் புதிய திட்டத்தைத் தொடங்கி முதல் நிரலை ஓட்டுவதும் மிக எளிது. ஒரு மதிப்பு எந்த வரியில் நிரலின் வேறொரு பகுதிக்குக் கைமாறியது, அதன்பின் எந்த வரியில் அதை மீண்டும் தொட்டோம் என்று இரண்டையும் காட்டி, பல நேரங்களில் திருத்தத்தையும் சொல்லித்தரும் பிழைச்செய்திகளுக்காகவே இக்கம்பைலரை நான் நேசிக்கிறேன்.

ஆனால் கம்பைல் செய்த லைப்ரரி (ஆயத்த நிரல்தொகுப்பு) ஒவ்வொன்றையும் கார்கோ அதன் பதிப்பு, அமைப்புகள், கம்பைலர் பதிப்பு ஆகியவற்றைப் பொறுத்த தனி அடையாளத்துடன் டார்கெட்டில் சேமிக்கிறது. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வரும் புதிய கம்பைலருக்கு மாறியதும் புதிய கோப்புகள் உருவாகின்றன, பழையவையோ அகற்றப்படாமல் அங்கேயே கிடக்கின்றன. நிரலில் பிழை தேட உதவும் பிழைதிருத்தத் தகவல்களும் சேர்ந்துகொள்ள, நடுத்தரத் திட்டம்கூடப் பல ஜிபியை விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒரே லைப்ரரியைத் திட்டந்தோறும் தனித்தனியே கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது.

தொடர்புடைய திட்டங்களை வொர்க்ஸ்பேஸ் என்ற ஒரே தொகுப்பில் சேர்த்தால் அவை ஒரு டார்கெட்டையும், லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ஒரு லாக் கோப்பையும் பகிர்ந்துகொள்கின்றன. இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. தொடர்பில்லாத திட்டங்களையும் ஒரே டார்கெட்டுக்குத் திருப்பிவிடலாம்தான். ஆனால் ஒரு திட்டம் கம்பைல் ஆகும்போது மற்றொன்று அக்கோப்புறைமீது விழும் பூட்டு விடுபடும்வரை காத்திருக்க நேர்கிறது. பிழைதிருத்தத் தகவலை வரி எண்களோடு நிறுத்திக்கொள்ளும்படி அமைத்தால் அளவு கணிசமாகக் குறையும். இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

2025இல் வந்த கார்கோவின் 1.88 பதிப்பு, நெடுநாள் தொடப்படாத கோப்புகளைத் தானே நீக்கும் என்று அறிந்து மகிழ்ந்தேன். அது நீக்குவதோ பயனரின் கார்கோ கோப்புறையில் பதிவிறங்கிக் கிடப்பவற்றை மட்டுமே. டார்கெட்டை அது தொடுவதில்லை. டார்கெட்டைக் காலிசெய்யும் கார்கோ கிளீன் கட்டளையை இயக்கினால் பழையதோடு இன்று தேவைப்படுவதும் அழிந்து, அடுத்த கம்பைல் அடியிலிருந்து தொடங்குகிறது. எது பழையது என்று அறிந்து அதை மட்டும் நீக்கும் வசதியைக் கார்கோவே தர வேண்டும்.

இதைவிடச் சிறந்த கருவித்தொகுப்பை நான் பயன்படுத்தியதில்லை. ஆயினும் அந்த மடிக்கணினியில் இப்போதைக்கு நிறுவ வேண்டாம் என்றே நண்பருக்குச் சொன்னேன்.