ஏழாண்டுச் சந்தாவும் இடம் மாறிய ஒற்றைக்கொம்பும்

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஏழு வருசமா நீங்க அந்த அறக்கட்டளையில உறுப்பினரா இருக்கீங்களே, நாங்களும் குடும்பச் சந்தா கட்டலாமா?" என்பதுதான் கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுத உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். என் அட்டையும் இந்த மாத இறுதியோடு காலாவதியாகிறது என்பதால், அவருக்குச் சொல்ல வேண்டியதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். அமைப்பின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. பினாங்கில் இருப்பவர்களில் சிலர் ஊகிக்கலாம், ஊகித்தாலும் என்னிடம் கேட்க வேண்டாம்.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவைதாம். ஜார்ஜ்டவுனில் பழுதுபார்த்துத் திறந்து வைத்திருக்கும் ஒரு கடைவீடு (கீழே கடை, மேலே வீடு), கொடிமலை என்று நாம் சொல்லும் பினாங்கு மலையின் அடிவாரத்தில் பராமரிக்கும் ஒரு காட்டுத்துண்டு, மாதந்தோறும் பட்டணத்தில் ஒரு மரபுடைமை நடை, காட்டில் ஓர் இரவு நடை. தனியாள் சந்தா ஆண்டுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்). உறுப்பினர்களுக்கு நடைகள் இலவசம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 வெள்ளி, குழந்தைகளுக்குப் பாதி. நான் மாதம் ஒருமுறை தவறாமல் போகிறவன் என்பதால் கணக்கில் குறை சொல்ல ஏதுமில்லை. கழிவறை சுத்தம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பேருந்தில் போய்விடுவது உத்தமம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனெனில் பிறகு எனக்குக் கோபம் வந்துவிடும்.

நான் 1972இல் பதினைந்து வயதில் அச்சுக்கோப்பவனாக வேலைக்குச் சேர்ந்த அச்சகம், லெபோ பாசாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அஞ்சடியோடு, அதாவது கடை முன்னால் கூரையிட்ட நடைபாதையோடு, கூடிய ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த சுவர், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். வெள்ளைப் பொடி உதிரும், சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், கீழே அடுக்கிய தாள்கட்டுகள் நமுத்துப் போகும். முதலாளி ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்து அந்த இடத்தில் சிமெண்டு பூசுவார். மறு ஆண்டு ஈரம் இன்னும் ஒரு முழம் மேலேறி நிற்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதற்கென்று கொடுத்த அவகாசமும் 1999 இறுதியில் முடிந்தபோது, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பட்டணத்தில் பல கடைவீடுகளின் வாடகை பழைய குடியிருப்பாளர்கள் கட்ட முடியாத உயரத்துக்குப் போயிற்று. எங்கள் அச்சகமும் அப்போதுதான் காலியானது. ஆக, அந்தச் சுவரோடு நான் சண்டையிட்டது இருபத்தெட்டு ஆண்டுகள். அது ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு முதன்முதலாக விளக்கியவர்கள் இந்த அறக்கட்டளைக்காரர்கள்தாம்.

அவர்களுடைய கடைவீட்டில் ஒரு சுவரின் பாதியை மட்டும் பூச்சில்லாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த இளம்பெண் அந்தச் செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, எங்களையும் வைக்கச் சொன்னார். குளிர்ந்திருந்தது. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, நிலத்தடி நீரைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்டு பூசினால் வெளியேற வழியில்லாமல் ஈரம் மேலே மேலே ஏறி, உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை உடைக்கும் என்றார். பிறகு, முன்னாள் உரிமையாளர் பூசிய சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து ஒரு பூச்சு பூசி, அது ஆற அமரக் காய்ந்த பின் அடுத்த பூச்சு என்று பொறுமையாக மூன்று பூச்சுப் பூசியதைக் காட்டினார். ஓரத்தில் மூன்று அடுக்கும் படிக்கட்டுபோல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்றார். எங்கள் முதலாளி உயிரோடு இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டியிருப்பேன்.

பட்டண நடையும் குறை சொல்ல முடியாதது. தமிழர் இடங்களைப் பேருந்து சன்னல் வழியே காட்டுவதுபோல் காட்டிவிட்டு நகர்கிற நடைகளில் நான் போயிருக்கிறேன். இவர்கள் அப்படியல்லர். 1801இல் காதர் முகைதீன் என்ற கப்பித்தான் (சமூகத் தலைவர்) காலத்தில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்கா, 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி நகர்கிறார்கள். 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தப் பலவகைக் கலப்பே காரணம் என்பதை, கூட்டத்துக்குப் பேசுவதுபோல் பேசாமல் போகிற போக்கில் புரியவைக்கிறார்கள்.

இனி பலகைக்கு வருகிறேன்.

2019இல் அவர்கள் கடைவீட்டிலும் காட்டுப் பாதையிலும் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் விளக்கப் பலகைகள் வைத்தார்கள். தமிழையும் சேர்க்கும்படி அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். முதல் பலகையைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. அது சுமார் மூன்று விநாடி நீடித்தது. 'தெரு' என்ற சொல்லில் தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய், ரகரத்தின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. 'கோயில்' துண்டு துண்டாகிக் கிடந்தது. 'கடை'யில் ஐகாரக் குறி டகரத்தின் வலப்புறம் தனியாகத் தொங்கியது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எழுத்தை விட்டு விலகி, ஈ மொய்த்ததுபோல் அந்தரத்தில் நின்றன. பன்னிரண்டு பலகை, பன்னிரண்டிலும் இப்படித்தான்.

இது எதனால் நடக்கிறது என்பது என் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஈய எழுத்தில் 'தெ' கோக்கும்போது முதலில் கொம்பை எடுத்து அடுக்குவோம், பிறகு தகரத்தை. கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் கையின் வரிசையும். கணினியில் ஒருங்குறி (யூனிகோட்) முறைப்படி முதலில் தகரமும் அதன்பின் கொம்பும் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது அந்த வேலையைச் செய்யாது, பதிவான வரிசையிலேயே எழுத்துகளைக் கொட்டிவிடும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது. கொட்டியதை அப்படியே அச்சுக்கு அனுப்புவார். கணினிக்கும் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டு சேர்த்தவர்களில் முன்வரிசையில் நிற்கும் முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டுக்காரர். அவருடைய முரசு மென்பொருள் 1980களிலிருந்தே இங்கே புழங்குகிறது. அப்படிப்பட்ட நாட்டில், 2019இல், ஒரு தெருவைத் 'தெரு' என்று எழுத முடியவில்லை.

நேரில் சொன்னேன், கடிதம் எழுதினேன், மின்னஞ்சல் அனுப்பினேன். அலுவலகத்தில் இருப்பவர்கள் மிக மரியாதையானவர்கள், ஒவ்வொரு முறையும் "நந்தி, அங்கிள், நந்தி" என்பார்கள். மலாயில் 'பிறகு' என்று பொருள். திருப்புன்கூரில் நந்தனாருக்காவது நந்தி விலகியது.

காட்டுப் பாதைப் பலகைதான் என்னை அதிகம் உறுத்தியது. சென்ற மார்ச் மாதம், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தியை இரவு நடைக்கு அழைத்துப் போனேன். அந்த இரவு நடையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. காட்டின் விளிம்பில் டுரியான் மரங்கள் பூத்திருந்தன. பூ மாலையில் விரியும், தேன் உண்ணும் வௌவால்கள் இருட்டியதும் வந்து மகரந்தம் சேர்க்கும், விடிவதற்குள் இதழும் கேசரமும் உதிர்ந்துவிடும். நாம் காயைச் சமைத்துத் தின்கிற பெத்தாய் மரத்துக்கும் அதே வௌவால்தான் துணை. வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். நாங்கள் இருட்டில் நின்றோம். புளித்த பாலைப் போல் ஒரு வாசனை, தலைக்கு மேலே துணி உதறுவதுபோல் ஓர் ஓசை. பேத்தி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாதத்தில் நாம் பாலிக் புலாவில் விலை பேசி வாங்கித் தின்கிற பழத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இராத்திரி வேலை நடக்கிறது என்பது அறுபத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அவள் கைவிளக்கைப் பலகையின் மேல் அடித்துத் தலைப்பைப் படிக்கத் தொடங்கினாள். 'வௌவால்' என்ற சொல். ஔகாரம் சரியாக அமைந்தாலே கற்றுக்குட்டிகளைத் தடுமாற வைக்கும் எழுத்து. அங்கே வகரம் தனியாக, அதன் பின் ஒரு கொம்பு, நடுவில் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டம், பிறகு ளகரம்போல் ஒன்று. அவள் விரலை அந்த வட்டத்தின் மேல் வைத்து, "தாத்தா, இந்த எழுத்த டீச்சர் இன்னும் சொல்லிக் கொடுக்கல" என்றாள்.

அப்படி ஓர் எழுத்தே இல்லை என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அச்சில் இருப்பது தவறாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் நான் எழுதிய கடிதம் சற்றுக் காரமாக இருந்திருக்க வேண்டும், உடனே பதில் வந்தது. வௌவால் பலகையைப் புதுப்பிக்கப் போகிறோம், சரியான வாசகத்தை அனுப்புங்கள் என்றார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, மூன்று முறை பிழைதிருத்தி, மின்னஞ்சலில் அனுப்பினேன். இங்கேதான் என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். வாசகமாகவே அனுப்பிவிட்டேன். சிக்கல் வாசகத்தில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கியவன், தன் முறை வந்தபோது அதை மறந்தான். சென்ற மாதம் புதுப் பலகை வந்தது. முன்பிருந்தது பிளாஸ்டிக் தகடு, வெயிலில் மங்கிக்கொண்டு வந்தது, இன்னும் நான்கைந்து ஆண்டில் தானாகவே படிக்க முடியாமல் போயிருக்கும். இப்போது வைத்திருப்பது துருப்பிடிக்காத எஃகு. என் வாசகம், ஒரு சொல்லும் மாறாமல், கொம்புகள் அனைத்தும் இடம் மாறி, ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கீழே எனக்கு நன்றி வேறு தெரிவித்திருக்கிறார்கள், நல்லவேளையாக ஆங்கிலத்தில்.

படமாக மாற்றி மறுபடி அனுப்பினேன். பதில் உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் பக்கத்தையும் பார்க்கிறேன். சம்பளம் வாங்குகிறவர்கள் நான்கைந்து பேர், மற்றவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். எஃகுப் பலகையை ஒரு கொடையாளர் செலவில் செய்தார்கள், அதைத் தூக்கிப் போடச் சொல்வது எளிதல்ல. மழைக்காலத்தில் காட்டுப் பாதை சரிந்தால் அதற்கும் அதே பணம்தான். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கைத்தொழில் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கிழவனின் ஒற்றைக்கொம்பு எத்தனையாவது இடத்தில் வரும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தாலும், சுவரில் தவறான பூச்சு இருந்தால் உளி வைத்துக் கொத்தி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, பலகையில் தவறான எழுத்து இருந்தால் மட்டும் ஏன் கை நீள்வதில்லை என்ற கேள்வி என்னை விட்டுப் போக மறுக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: சந்தா கட்ட வேண்டாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு இந்த முடிவு பொருந்தவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள், பொருந்தவில்லைதான். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போக பினாங்கில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆண்டுக்கு நான்கு முறை போனாலே சந்தாப் பணத்துக்கு மேல் மிச்சம். அந்தச் செங்கல் சுவரில் கை வைத்துப் பார்ப்பதற்காகவே ஒருமுறையாவது போக வேண்டும். இருந்தாலும் உறுப்பினர் என்று என் பெயரை அந்தப் பதிவேட்டில் இனி எழுதிக்கொள்ள மனம் வரவில்லை. பலகை மாறட்டும், பிறகு பார்க்கலாம். சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன். அட்டை முடிந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை இரவு நடைக்கு, எனக்கும் பேத்திக்கும் நேற்று அலுவலகத்தில் போய் உறுப்பினரல்லாதார் விலையில் 45 வெள்ளி கட்டினேன். முகப்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, புதுப்பித்தால் இலவசமாயிற்றே என்று இரண்டு முறை சொன்னார். "நந்தி" என்றேன். ரசீதின் அடியில் நான்கு மொழிகளிலும் நன்றி அச்சாகியிருந்தது. 'நன்றி'யில் கொம்பு ஏதும் இல்லை, அதனால் தமிழும் ஏறக்குறையச் சரியாக இருந்தது, னகரத்தின் புள்ளி மட்டும் ஒரு மயிரிழை வலப்புறம் நகர்ந்திருந்தது.