31 அங்குல டயர் ஏற்றிய ஜீப்புக்கு எந்த ஸ்டியரிங்?

பழைய மகேந்திரா ஜீப்பில் 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு 31x10.5 ஆர்15 மாட்டினால் டயரின் உயரம் கூடுவது ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான். அகலமோ ஆறிலிருந்து பத்தரைக்குத் தாவுகிறது. கையை ஒடிப்பது இந்த அகலம். ராமநாதபுரம் கரையோர வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்துப் பனங்காட்டு மணலுக்காகக் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் இன்னும் விரிந்து படுக்கும். வெளியே துருத்தும் ரிம்மும் சேர்ந்தால், கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) கோட்டிலிருந்து டயரின் நடு விலகிப்போய், ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

இதற்குக் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது டாம்பர், அதாவது ஸ்டியரிங்குக்கான ஷாக் அப்சார்பர். ஆட்டத்தை அமுக்கும், பலம் சேர்க்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் படபடவென்று உதறினால் காரணம் பெரும்பாலும் கிங் பின் பேரிங் தளர்ச்சி, தேய்ந்த டை ராடு எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) அல்லது குறைந்த காஸ்டர் (கிங் பின்னின் பின்சாய்வு). ஜாக்கி ஏற்றி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் டாம்பர் போடுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

தடித்த டை ராடும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் எலக்ட்ரிக், ஹைட்ராலிக் என எந்த வழியில் போனாலும் தவிர்க்க முடியாதவை. மணலில் புதைந்த பனந்தூரில் ஒரு தடவை இடித்தால் மெல்லிய குழாய் வில்லாக வளையும். முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும். 32 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 6 மில்லிமீட்டர் சுவர் கொண்ட சீம்லெஸ் குழாய் போதும். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை, இரண்டுக்கும் லாக் நட். எண்டின் மரை, அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு துண்டுகளைப் பற்றவைத்து நீட்டிய ராடை மட்டும் தொடாதீர்கள். வளைந்த ராடை நிமிர்த்தி வீடு வந்து சேரலாம், வெல்டு விட்ட ராடோடு முடியாது. மாட்டியபின் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 2 முதல் 3 மில்லிமீட்டர். கமான் பட்டையை உயர்த்தியிருந்தால் டிராக் லிங்க் சாய்ந்துவிடும், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். பாக்ஸிலிருந்து தொங்கி லிங்க்கை இழுக்கும் டிராப் ஆர்மை மாற்றி லிங்க்கைத் தட்டையாக்குவதுதான் வைத்தியம்.

இனி உண்மையான போட்டி: எலக்ட்ரிக் கிட்டா, ஹைட்ராலிக் பாக்ஸா?

ஸ்டியரிங் தண்டில் மோட்டாரைக் கோக்கும் எலக்ட்ரிக் கிட் மாட்ட எளிது. பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை. ஆனால் மோட்டார் தரும் விசை முழுவதும் அந்தப் பழைய ஸ்டியரிங் பாக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டுநருக்கு லேசாக இருக்கும், தேய்வது பாக்ஸின் செக்டர் ஷாஃப்ட், அதாவது டிராப் ஆர்மைச் சுழற்றும் தண்டு. பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் திறந்த ஜீப்பின் கண்ட்ரோல் பெட்டியும் கனெக்டர்களும் பச்சை பூப்பது இன்னொரு தொல்லை. 235/75 ஆர்15 வரை இது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

31 அங்குலத்துக்கு ஹைட்ராலிக் பவர் பாக்ஸ்தான். பிரித்த வண்டியிலிருந்து பாக்ஸ் எடுத்தால் பம்பையும் அதே வண்டியிலிருந்து எடுங்கள். பம்பின் அழுத்தம் பாக்ஸ் தாங்குவதைவிடக் கூடினால் சீல் பிய்யும், ஓட்டம் குறைந்தால் வேகமாகத் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகும். டிராப் ஆர்ம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். தவறினால் இடது திருப்ப வலது போகும். பட்டறைகளில் நடக்கிற கூத்துதான். அழுத்த ஹோஸுக்கு இரண்டு கம்பிப்பின்னல் உள்ள ஹைட்ராலிக் ஹோஸைக் கிரிம்ப் செய்து வாங்குங்கள், கிளாம்ப் போட்ட ரப்பர் குழாய் நிற்காது.

பாக்ஸ் உட்காரும் சேஸிஸ்தான் அதிகம் உடையும் இடம். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே தலைமுடி மாதிரி ஒரு துருக்கோடு, அதன் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். அதுதான் விரிசல். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இங்குமங்கும் ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் அது வாய் திறந்து மூடும். 5 மில்லிமீட்டர் பிளேட் வைத்து, போல்ட் போகும் குழிகளில் ஸ்லீவ் (சிறு குழாய்த் துண்டு) பற்றவைத்த பிறகே இறுக்க வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் இறுக்கினால் சேஸிஸ் நசுங்கி, போல்ட் மறுபடி தளரும்.

33 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் பாக்ஸோடு, டை ராடை ஆயில் அழுத்தத்தால் தள்ளி இழுக்கும் ராம் சிலிண்டர். 40 மில்லிமீட்டர் போர், 20 மில்லிமீட்டர் ராடு, 80 பார் அழுத்தம் என்றால் தள்ளும் விசை சுமார் 1000 கிலோ, இழுக்கும் விசை சுமார் 770. ஒரு பக்கம் சற்றுக் கனமாகத் தெரிவது இதனால்தான், பழுதில்லை. சக்கரத்தை நிறுத்த வேண்டியது ஆக்சிலில் உள்ள ஸ்டாப் போல்ட். சிலிண்டரின் முனையில் போய் முட்டவிட்டால் ராடு வளையும். ஆயில் கூலர் கட்டாயம். மீன் ஏற்றவும் சவாரிக்கும் ஓடும் வண்டிக்கு இது வீண் செலவு.

இயந்திர இணைப்பே இல்லாத முழு ஹைட்ராலிக் சாலைக்கு ஆகாது. மற்ற மாற்றங்களுக்கும், வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு உண்டு. இன்சூரன்ஸ் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

பவர் பாக்ஸ் மாட்டிய அன்று எஞ்சினை உடனே போடாதீர்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆயில் ஊற்றிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். டேங்கில் குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஆயில் மோர் மாதிரி வெளுத்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை விட்டுவிட்டு மறுபடி திருப்புங்கள்.