விளையில் பறவை பார்க்க 8×42 தொலைநோக்கி

தென்னையும் பலாவும் நிற்கும் வீட்டு விளைக்கு 8×42 போதும். 8 என்பது உருவம் பெரிதாகும் மடங்கு; 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பெரிதாகும். மாங்குயில் கிளை மாறினால் தேடிப்பிடிப்பது பாடு. சந்தையில் 30×60 என்று கூவி விற்பதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஐந்தேகால் மில்லிமீட்டர். அந்தி மங்கலிலும் செம்போத்தின் சிவந்த கண் தெரியும். வாங்கும்முன் கடையிலேயே 2 மீட்டர் தூரத்து எழுத்தைப் பாருங்கள். தெளியாவிட்டால் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டும் தெளியாது.

குமரி மாவட்டத்தில் இதற்கு எமன் பூஞ்சைதான். இரண்டு பருவமழை ஈரத்தில், உறையோடு அலமாரியில் கிடந்தால் லென்ஸில் சிலந்திவலை போலப் படரும். இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். குளச்சல் பக்கத்து உப்புக்காற்றுக்கு, முதலில் தூசியை ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் லென்ஸின் மேற்பூச்சு கீறும்.