தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை எங்கே வைப்பது? பாலக்காட்டில் நான் ஒப்படைத்த கடை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்குத் தென்னையும் வாழையும் இருக்கின்றன. அப்பா காலத்து இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்றும் லைசென்ஸோடு இருக்கிறது. 2022-இல் கேரள அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, உள்ளாட்சித் தலைவர் அனுமதி கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். சுட்டதைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிடும். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ வைக்கலாம். ஒருமுறை வேறோர் இடத்தில் வைத்தேன். குழலுக்குள் துரு ஏறித் திரும்பி வந்தது. அப்பா வாரம் தவறாமல் துடைத்து வைத்த துப்பாக்கி அது. மனசே ஆறவில்லை. அதனால் 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பாலக்காடு டவுனில் ஒரு பழைய கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முதலில் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். ஏற்கெனவே இருந்த கீறல்களை ரசீதிலேயே எழுதினார். நம்பரை லைசென்ஸோடு ஒத்துப் பார்த்து, தோட்டாக்களை என் கண்முன்னே எண்ணித் தனியாகக் கட்டினார். "அண்ணா, மாசம் ஒருக்கா எண்ணெய் போட்டுத் துடைச்சு வைக்கிறேன்" என்றார். ஜூனில் திரும்ப வாங்கும்போது குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. கட்டணமும் ரசீதில் எழுதியதுதான், ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை.

குறை என்றால் நான் கேட்ட தோட்டா இருப்பில் இல்லை. இரண்டு முறை அலைந்தேன்.

கடையின் மேல் எனக்கு வருத்தமில்லை, விதியின் மேல்தான். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். நல்லது. கல்யாணத்தில் கொண்டாட்டத்துக்குச் சுடுவதைக் குற்றமாக்கியதும் நல்லது. துப்பாக்கி கண்டவர் கையில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 முடிவு. ஏறக்குறைய இரண்டரை மாதம். அதற்குள் பன்றிகள் என் வாழைக் கன்றுகளைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டன. தகரம் தட்டிப் பார்த்தோம், பட்டாசு போட்டோம், நான்கு நாளில் அவற்றுக்குப் பழகிவிட்டது.

யாரிடம் துப்பாக்கியை வாங்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. பன்றி சுட அனுமதி பெற்றவர்களின் பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ள, எந்த வழக்கும் இல்லாத விவசாயியை அந்தக் குழு தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்த முறை நோட்டீஸ் வந்த அன்றே விலக்கு கேட்டு மனு கொடுக்கப் போகிறேன்.

கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் இதே கடைதான். போகிறவர்கள் அசல் லைசென்ஸோடு இரண்டு நகலும் எடுத்துப் போங்கள். முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது.