தருமனா, பாரியா, ஓரியா?

போன வருஷம் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து ஒரு செவலை நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தது. எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஏற்கெனவே மூன்று டைகர், இரண்டு ஜிம்மி. அதனால் இலக்கியப் பெயராக வைப்போம் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை.

தங்கச்சி சொன்னது ஆர்கோஸ். கிரேக்கக் காவியத்தில், இருபது வருஷம் கழித்து வேஷம் மாறி வந்த ஒடிசியசை அடையாளம் கண்டு, வாலாட்டிவிட்டுச் செத்துப்போகும் நாய். ஆச்சி வாயில் அது 'ஆக்கோசு' ஆனது. அதோடு சரி.

அப்பா தருமன் கட்சி. பாண்டவர் கடைசிப் பயணத்தில் கூடப்போன நாய் தருமதேவன்தானே என்றார். நியாயம்தான். ஆனால் அருச்சுனன் தபசு என்று பாரதக் கூத்து ஆடுகிற தோட்டத்தில், 'டேய் தருமா, குப்பையைக் கிளறாதே' என்று வாசலில் நின்று எப்படிக் கத்துவது?

மிச்சம் பாரியும் ஓரியும், இரண்டு பேரும் கடையெழு வள்ளல்கள். பறம்பு மலைக்காரன் ஒருவன், கொல்லி மலைக்காரன் இன்னொருவன். முல்லைக்குத் தேர் கொடுத்தவனாச்சே என்று முதலில் பாரி என்றுதான் வைத்தேன். இரண்டு நாள் தாங்கியது.

எங்கள் பக்கம் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, லயத்து நாய்களைத் தூக்கிப்போகும். இருட்டுமுன் நாயை வீட்டுக்குள் எடுத்தாக வேண்டும். அன்றைக்குப் பனிமூட்டம். லயத்துக் கடைசி அறையான எங்கள் தொங்கல் காம்பரா வாசலிலிருந்து 'பாரீ' என்றேன். கீழே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்து 'என்னா?' என்று குரல் வந்தது. மாரி அக்கா. மறுபடி கூப்பிட்டேன், மேலேயிருந்து மாரிமுத்து மாமா 'ஏன்டா?' என்றார். குட்டி மட்டும் வரவில்லை. மூட்டத்துக்குள் முதல் எழுத்து கரைந்துவிடுகிறது, 'ஆ...ஈ' மட்டும்தான் போய்ச் சேர்கிறது. மாரி இல்லாத லயம் எங்கே இருக்கிறது?

ஓரியில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கமே 'ஓ', மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். ராஜா பெயரை நாய்க்கா என்று அப்பா முகம் சுளித்தார். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர், சிறுபாணாற்றுப்படையிலேயே இருக்கிறது என்றேன். நிகண்டில் நரிக்கும் அந்தச் சொல் உண்டு, அது நாய்க்கு இன்னும் கிட்டின உறவு.

குறையும் சொல்ல வேண்டும். 'ஓடு' என்று விரட்டினால் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று திரும்பி வந்து நிற்கிறது. என் கணக்கும் ஒரு நாய், ஒரு வருஷம்தான். ஹட்டன் டவுனில் மதில் கட்டிய வீடென்றால் பாரியே போதுமாக இருக்கலாம்.

மேல் லயத்தில் எங்களைப் பார்த்து ஒரு கறுப்புக் குட்டிக்குக் காரி என்று வைத்திருக்கிறார்கள். ஓரியைப் போரில் கொன்றவன் காரி என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு இரண்டும் ஒரே சாக்கில்தான் படுக்கின்றன.