24 மணி நேர ரோயிங்குக்குக் கூட்டாளி தேடுகிறீர்களா? இவரிடம் கவனமாக இருங்கள்

ரோயிங் மெஷினில் நீண்ட தூரம் இழுப்பவர்களைத் தேடிப் பிடித்து, "டேன்டம் பார்ட்னரா நான் வர்றேன்" என்று ஒருவர் பேசிவருகிறார். தன் சாதனை என்று அவர் இப்போது அனுப்பும் படங்களில் ஒன்றில் மானிட்டர் 1,00,000 மீட்டர் காட்டும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நான் இழுத்தது. மீதியை இழுத்தவர் அவர், பாதியில் எழுந்து போனவரும் அவர்தான். பெயரைப் போடவில்லை, பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அவர் எப்படிப் பேசுகிறார், எதைக் காட்டுகிறார், எதைத் தவிர்க்கிறார் என்று எழுதுகிறேன். அதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம்.

இந்த வகை ரோயிங்கில் பழக்கமில்லாதவர்களுக்காக: டேன்டம் என்றால் ஒரே மெஷின், இரண்டு பேர், மாறி மாறி இழுப்பது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் சாப்பிடுவார், கால் நீட்டுவார், கண் மூடுவார். எங்கள் திட்டம் 24 மணி நேரம், 2:40 ஸ்ப்ளிட், அதாவது ஒவ்வொரு 500 மீட்டருக்கும் 2 நிமிடம் 40 விநாடி. துளியும் நிற்காமல் போனால் 270 கி.மீ. வரும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறினால் 47 மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி போனாலே மொத்தத்தில் கிட்டத்தட்ட 3 கி.மீ. கழிந்துவிடும். அதனால் ஸ்ட்ராப்பைத் தளர்த்துவது, எந்தப் பக்கம் இறங்குவது, ஹேண்டிலை எப்படிக் கைமாற்றுவது என்று எல்லாமே சேர்ந்து பழகியிருக்க வேண்டும். கூட்டாளி என்பவர் பாதி மெஷின் மாதிரி. அவர் நின்றால் முயற்சியே நின்றுபோகும்.

என்னோடு பல மாதங்கள் பயிற்சி செய்தவருக்கு மணிக்கட்டில் காயம். வேறு ஆள் தேடுகிறேன் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் இவர் தானாகத் தொடர்பு கொண்டார். மாரத்தான் தூரமான 42,195 மீட்டரை 2 மணி 55 நிமிடத்தில் முடித்ததாகவும், 100 கி.மீ.யை இரண்டு தடவை இழுத்திருப்பதாகவும் சொன்னார். மாரத்தானுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். சேர்ந்து ஒரு டிரையல் போடலாம் என்று கேட்டேன். "டிரையல்லாம் எதுக்கு ப்ரோ, அன்னிக்கு நேரா பாத்துக்கலாம், நான் ரெடியாதான் இருக்கேன்" என்றார். மறுபடி கேட்டபோது வேலை, பயணம், சளி என்று தள்ளிப்போட்டார். பணத்தை மட்டும் தள்ளிப்போடவில்லை. போக்குவரத்து, தங்குமிடம், அதோடு மெஷினில் ஏதாவது பழுதானால் மாற்றாக இன்னொரு மெஷின் கொண்டுவர முன்பணம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். இரண்டாவது மெஷின் வரவே இல்லை.

அன்று வந்ததும் அவர் முதலில் செய்தது, டாம்பர் நெம்புகோலைப் பிடித்து 10க்குத் தள்ளியது. "நான் எப்பவும் பத்துலதான் இழுப்பேன்." இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோலில் இருக்கும் எண் காற்று உள்ளே வரும் வழியைத்தான் கூட்டிக் குறைக்கும். உண்மையில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று சொல்வது மானிட்டரில் வரும் டிராக் ஃபேக்டர். உள்ளே தூசி அடைந்த மெஷினில் 5 என்பது ஒன்று, புது மெஷினில் 5 என்பது வேறொன்று. நூறு கிலோமீட்டர் இழுத்து முதுகு நொந்தவர் யாராக இருந்தாலும் "டிராக் எவ்வளவு வெச்சிருக்கீங்க" என்றுதான் கேட்பார். இவர் கேட்கவில்லை. உள்ளங்கைக் கொப்புளம் பற்றியோ, சீட்டில் உட்கார்ந்து வால் எலும்பு மரத்துப்போவது பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பேச்சு முழுக்க வேகம், வேகம்.

முதல் முறையிலேயே 2:20இல் போனார். 2:40 போதும் என்று சொன்னேன், கேட்கவில்லை. 2:40க்கு 85 வாட் போதும். 2:20க்கு 128 வாட் வேண்டும். அதாவது ஒன்றரை மடங்கு. மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய முறை வரும்போதெல்லாம் மானிட்டரில் வேகம் 2:50, 2:55 என்று இறங்கியது. ஐந்தாவது மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுந்தார். அது நடக்கக்கூடியதுதான், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் பையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப். நான் ஹேண்டிலை விடாமல் இழுத்துக்கொண்டிருக்க, உதவிக்கு வந்த தோழி வாசலுக்கும் மெஷினுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். "போயிட்டாருடா" என்று அவள் வந்து சொன்னபோதுதான் 24 மணி நேரக் கணக்கை விட்டேன். இதுவரை போட்ட தூரம் வீணாகக் கூடாது என்று 100 கி.மீ. வரைக்கும் தனியாக இழுத்து முடித்தேன். தோழி மானிட்டரைப் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டாள். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். இப்போது சுற்றும் படம் அதுதான்.

அவர் அனுப்பிய மாரத்தான் ஸ்கிரீன்ஷாட்டைப் பிறகு நானும் தோழியும் உட்கார்ந்து பார்த்தோம். இந்தப் பகுதி உங்களுக்கு உதவும், பொறுமையாகப் படியுங்கள். நேரம் 2:55:48, ஸ்ப்ளிட் 2:05 என்று இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால் அதற்குக் கீழே சராசரி 142 வாட். கான்செப்ட் 2 நிறுவனத்தின் ரோயிங் மெஷினில் ஸ்ப்ளிட்டும் வாட்டும் ஒரே சூத்திரத்தில் கட்டப்பட்டவை. ஒரு மீட்டருக்கு எத்தனை விநாடி என்று கண்டுபிடித்து, அதன் கனத்தால் (க்யூப்) 2.80ஐ வகுத்தால் வாட் வரும். 2:05க்கு 179 வாட் வந்திருக்க வேண்டும். 142 வாட் என்பது 2:15 ஸ்ப்ளிட். அடுத்து, மொத்த ஸ்ட்ரோக் 4,178, நிமிடத்துக்கு 22. வகுத்துப் பார்த்தால் 190 நிமிடம், அதாவது 3 மணி 10 நிமிடம். 2:15இல் மாரத்தான் முடிக்க ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. யாரோ மூன்று மணி பத்து நிமிடத்தில் முடித்த மாரத்தானில், இவர் நேரத்தையும் ஸ்ப்ளிட்டையும் மட்டும் மாற்றியிருக்கிறார். கீழே இருந்த எண்களைத் தொடவில்லை.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். கான்செப்ட் 2வின் ஆன்லைன் லாக்புக்கில் அவருடைய பக்கத்தையே திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் யார் வேண்டுமானாலும் கையால் எண்களை எழுதிச் சேர்க்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் எர்க்டேட்டா செயலி வழியாக மெஷினிலிருந்து நேராக ஏறியது என்றால் சரிபார்க்கப்பட்டது என்ற குறி இருக்கும், ஸ்ப்ளிட் வாரியாக விவரமும் வரும். உண்மையாக இழுத்தவருக்கு இதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். பணம் கைமாறுவதற்கு முன்னால் ஒரே மெஷினில் மூன்று மணி நேரமாவது மாறி மாறி இழுத்துப் பாருங்கள், நீங்கள் போகப்போகும் ஸ்ப்ளிட்டிலேயே. இதற்கு வர மறுப்பவரோடு 24 மணி நேரத்துக்கு உட்காரவே உட்காராதீர்கள். மாற்று மெஷின் வேண்டுமென்றால் வாடகைக்கு விடுபவரிடம் நீங்களே பேசுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு எழுதினேன். "பாத்து அனுப்புறேன் ப்ரோ" என்று ஒரு பதில் வந்தது, அதன் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். அனுப்பிய செய்திகள், பணம் போன ரசீது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இவரிடம் ஏமாந்த வேறு யாராவது புகார் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம். அவர் பணத்தைத் திருப்பித் தந்து, அந்தப் படத்தைப் பயன்படுத்துவதையும் நிறுத்தினால் அதையும் இதே இடத்தில் எழுதுவேன்.