ரசாயன எர்த் ராடு கிட்: ஒரு மூட்டை பவுடர் போதுமா?

வீட்டு சர்வீஸுக்காகக் கடையில் விற்கும் 'ரசாயன எர்த்திங்' கிட்டில் காப்பர் பூசிய 3 மீட்டர் இரும்பு ராடு, கிளாம்ப், ராடைச் சுற்றிக் குழியை நிரப்பும் 25 கிலோ பேக்ஃபில் பவுடர் இருக்கும். கரியும் உப்பும் போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை விட இது மேல் என்று தயங்காமல் சொல்லலாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் உப்பேதான் பைப்பையும் அரித்துவிடுகிறது.

ராடில் கவனிக்க வேண்டியது பூச்சின் தடிமன். 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர், என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். மெல்லிய பூச்சு, ராடை அடித்து இறக்கும்போதே கல்லில் உரசிக் கிழியும். அந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கிட்டின் பெரிய குறை பவுடரின் அளவு. 4 அங்குலத் துளை 3 மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 24 லிட்டர் பிடிக்கும், ஒரு மூட்டை சரியாக இருக்கும். 6 அங்குலம் என்றால் சுமார் 55 லிட்டர், இரண்டு மூட்டை தேவை. மிச்சத்தை ஜல்லியும் கட்டட இடிபாடும் போட்டு மூடினால் ராடைச் சுற்றிக் காற்றுதான் நிற்கும். பவுடரைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து ஊற்றுவது நல்லது. குழி சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் போட்டு "பல்பு எரியுது, எர்த் ஓகே" என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 100 வாட் குண்டு பல்புக்கு 0.43 ஆம்பியர் போதும். எர்த் 50 ஓம் இருந்தாலும் அது பளிச்சென்றுதான் எரியும். எர்த்தின் ஓமைக் காட்டும் எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து 5 ஓமுக்குள் கேளுங்கள்.

அந்த 5 ஓம் கிடைத்தாலும் ஃபேஸ் ஒயர் மெஷின் உடம்பில் பட்டால் 230 வோல்ட்டில் எர்த் வழியே ஓடுவது 46 ஆம்பியர்தான். கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் எம்சிபி, சி வகை 20 ஆம்பியர் என்றால், உடனே விழ 100 ஆம்பியராவது வேண்டும். அதுவரை வாஷிங் மெஷின் உடம்பில் கரண்ட் நிற்கும். எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் 100 ஓம் எர்த்திலும் 2.3 ஆம்பியர் கசியும், அது உடனே விழுந்துவிடும். கிட்டை 'ஆர்சிசிபிக்குப் பதில்' என்று விற்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கிளாம்ப் பித்தளையிலோ கன்மெட்டலிலோ (ஒரு வகை வெண்கலம்) இருக்க வேண்டும். ஜிஐ பட்டையை நேரடியாகக் காப்பரில் இறுக்கினால் ஈரம் பட்டதும் துத்தநாகம் கரைந்து மூட்டு தளரும். மூட்டு மண்ணுக்குள் போகாமல் மூடி போட்ட சிறு தொட்டியான சேம்பரில் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். மெயினை அணைத்து, வீட்டு எர்த் ஒயரைக் கிளாம்பிலிருந்து கழற்றிய பிறகுதான் டெஸ்டரை வைக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் மற்ற எர்த்துகளும் சேர்ந்து பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும்.